ரெட்டைக்கோடு நோட்டு

போன வருஷம் ஆடி மாதம். பள்ளி விட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டில் நின்று அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா மட்டும் பையனை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. "இன்னா மிஸ், சேத்து ரெண்டு மாசம் ஆவுது. எம்புள்ள இன்னும் ஒரு எழுத்துகூட எழுதல. நோட்டு அப்பிடியே வெள்ளையா கீது" என்றார். கையில் எல்.கே.ஜி. ரெட்டைக்கோடு நோட்டு. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே நான் வைத்த புள்ளிகள், புள்ளிகளைத் தொடாமல் பையன் இழுத்த நாலைந்து கோடுகள். அவ்வளவுதான் இருந்தது.

"எழுதுவான்மா, அவசரப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னேனே தவிர நானே அதைக் கேட்கவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பென்சிலோடு சேர்த்து அவன் கையை என் கைக்குள் பிடித்து அ எழுதவைத்தேன். ஒரு பக்கம் முழுக்க அ. சாயங்காலம் அந்த அம்மா நோட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போனார். எனக்கும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிதான் பிறகு மாதக்கணக்கில் என்னை உறுத்தியது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

குடியாத்தத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் பதினோரு வருஷமாக எல்.கே.ஜி. எடுக்கிறேன். பிளஸ் டூ முடித்து ஒரு வருஷ நர்சரிப் பயிற்சி, அப்புறம் கல்யாணம், அப்புறம் இந்த வேலை. 2023ல், சின்னவள் ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு, ஆரம்பக் குழந்தைப்பருவக் கல்வியில் ஆன்லைன் இளங்கலைப் பட்டத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்தேன். இரவு ஒன்பது மணிக்கு நேரலை வகுப்பு. அதற்கு முன் சமையல், பாத்திரம், சின்னவளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிய வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கட்டைதான் காட்டும் என்பதால் மொட்டை மாடியில் கொசுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு உட்காருவேன். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுச் சொற்களை அகராதியில் பார்த்து ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்வேன். இரண்டாம் வருஷம் வந்தபோது அந்த ஓரக் குறிப்புகளே ஒரு நோட்டு ஆகிவிட்டன.

பருவத் தேர்வு வைகாசி முதல் நாளில் வந்து விழுந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது என்ன நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகும் தெருவில் மேளம் ஓயவே ஓயாது. ஆன்லைன் தேர்வோ ஆளில்லாத, சத்தமில்லாத அறை கேட்கும். கேமரா முன் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினாலே எச்சரிக்கை வரும். முந்தின பருவத்தில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கே இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தேன். அதனால் சிரசு பார்க்காமல் காட்பாடியில் அக்கா வீட்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். எனக்கு நினைவு தெரிந்து அம்மன் சிரசைப் பார்க்காமல் விட்டது அந்த ஒரு வருஷம்தான்.

"எல்.கே.ஜி. மிஸ்ஸுக்கு எதுக்கு டிகிரி?" என்று மாமியாரிலிருந்து மளிகைக் கடைக்காரர் வரை எல்லோரும் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இது பி.எட். இல்லை. இதைக் காட்டி அரசுப் பள்ளியில் ஆசிரியராக முடியாது. சம்பளமும் ஏறவில்லை. கல்வி உரிமைச் சட்டமே ஆறு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அரசு இலவச முன்பருவக் கல்வி ஏற்பாடு "செய்யலாம்" என்று சொல்கிறது. "செய்ய வேண்டும்" என்று சொல்லவில்லை. பாடத்தில் அந்த வரியைப் படித்த இரவு, "செய்யலாம்" என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டேன். மூன்றிலிருந்து ஆறு வரை உள்ள பிள்ளைகளும், அவர்களோடு நாள் முழுக்க நிற்கிற எங்களைப் போன்றவர்களும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறோம். நான் எதற்குப் படிக்கிறேன் என்று அதுவரை எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

செய்முறைப் பாடத்துக்கு வகுப்பறையில் நாம் பாடம் நடத்துவதைப் பதினைந்து நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு பிள்ளைகளின் வீட்டிலும் எழுத்தில் அனுமதி கேட்டேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்த இருவரையும் கேமராவுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். சாக்பீஸ் டப்பாவில் போனைச் சாய்த்து ஜன்னல் திண்டில் நிறுத்தினேன். எழுத்து வகுப்பையே எடுத்து அனுப்பினேன். எனக்கு நன்றாக வருவது அதுதான் என்று நினைத்திருந்தேன். அந்தப் பையனும் அதில் இருந்தான்.

பேராசிரியர் திரையில் வந்தார். அவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. "முதல் நான்கு நிமிஷத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள். நினைத்ததை எழுத வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அழைப்பு முடிந்துவிட்டது.

அன்றிரவே எழுதி அனுப்பினேன். "பையன் ஆர்வமில்லாமல் இருக்கிறான், கவனம் சிதறுகிறது, பென்சில் பிடிக்கச் சோம்பல்படுகிறான்." மறுநாள் திரும்பி வந்தது. மூன்று இடத்திலும் சிவப்பில் ஒரே கேள்வி: இதை எங்கே பார்த்தீர்கள்? எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் பிள்ளைகளோடு இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா என்று கோபமும் வந்தது. ஆனால் மறுபடி பார்த்தபோது, ஆர்வமில்லாமையை நான் எங்கேயும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். அது என் தலைக்குள் இருந்த சொல். மூன்றாவது முறை எழுதியதை அப்படியே தருகிறேன்.

"நிமிஷம் 0:40. பென்சிலை ஐந்து விரலாலும் மூடிப் பிடித்திருக்கிறான். கை மேசையைத் தொடவில்லை. தோளிலிருந்து அசைக்கிறான். ஒரு வளைவு வருகிறது. அதைப் பார்க்கிறான். 1:05. என் கை அவன் கைமேல் வருகிறது. 1:08. அவன் கண் நோட்டை விட்டு ஜன்னலுக்குப் போகிறது. 1:15. அவன் விரல்கள் தளர்ந்திருக்கின்றன. பென்சிலைப் பிடித்திருப்பது என் விரல்கள். 1:15 முதல் 3:20 வரை நோட்டில் ஆறு அ விழுகிறது. அந்த இரண்டு நிமிஷமும் அவன் நோட்டைப் பார்க்கவில்லை. 3:22. என் கையை எடுக்கிறேன். பென்சில் கீழே விழுகிறது. 3:30. உள்ளங்கையை டிரவுசரில் துடைக்கிறான்."

இதை எழுதி முடித்து மொட்டை மாடியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சத்தத்தோடு பார்த்தபோது என் குரல்தான் கேட்டது. "வெரி குட், அப்படித்தான், இன்னொரு சுழி" என்று இனிமையாகப் பேசிக்கொண்டே இருக்கிறேன். சத்தத்தை எடுத்துவிட்டால் தெரிவது ஒன்றே ஒன்று. 0:40ல் அவன் ஒரு வளைவு போட்டான். அது அவனுடையது. அதை அவன் பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் விழுந்த எல்லாம் நான் எழுதியது. அவன் அம்மாவைச் சிரிக்கவைத்ததும் நான் எழுதியதுதான்.

வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். பதினோரு வருஷம். கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

எட்டுச் சிறு எலும்புகள்

அடுத்த வாரப் பாடத்தில் இரண்டு எக்ஸ்ரே படங்கள் வந்தன. ஒன்று மூன்று வயதுப் பிள்ளையின் கை, இன்னொன்று பெரியவருடையது. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. முதல் வருஷத்துக்குள் இரண்டு எலும்பாகும். மூன்று வயது வாக்கில் மூன்றாவது. பிறகு நான்கு, ஐந்து, ஆறு வயதில் மற்றவை ஒவ்வொன்றாக. கடைசியான குட்டி எலும்பு எட்டு வயதுக்கு மேல்தான் தெரிய ஆரம்பிக்கும். பிள்ளையின் படத்தில் விரல் எலும்புகளுக்கும் முன்கை எலும்புகளுக்கும் நடுவே பெரிய வெற்றிடம். அதில் மிளகு போல இரண்டு மூன்று புள்ளிகள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் பிடித்து இழுத்தது அந்த வெற்றிடத்தை.

எலும்பு முற்றவில்லை, அதனால் பிள்ளை பென்சிலையே தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிறுக்கட்டும், நன்றாகக் கிறுக்கட்டும். ஆனால் இரண்டு கோட்டுக்கு நடுவே, கோடு தாண்டாமல், சின்னதாக, ஒரு பக்கம் முழுக்க என்பது வேறு வேலை. அதிலும் அ என்கிற எழுத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சுழி, அதிலிருந்து வளைந்து இறங்குகிற வயிறு, குறுக்கே ஒரு கோடு, நேராக ஒரு கோடு. வரிசையில் முதலில் இருப்பதால் அதை முதலில் சொல்லித்தருகிறோம். எழுதுவதற்கு அது முதல் எழுத்து இல்லை. ட எழுத இரண்டு கோடு போதும். இன்னொரு கோடு சேர்த்தால் ப. அதனால்தான் ட, ப, ம என்று தொடங்குகிற முறை வந்தது. பட்டம், படம், மடம் என்று சொல்லும் சீக்கிரமே கைக்கு வரும்.

நம் பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதவைத்தார்கள். விஜயதசமிக்குத் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி எழுதவைக்கிறோமே, அதில் பிள்ளையின் கை தோளோடு சேர்ந்து அசைகிறது. மணல் பெரியது, தப்பினால் தடவிவிடலாம். நாம் அந்த ஒரு நாளைச் சடங்காக வைத்துக்கொண்டு, மறுநாளே நோட்டை நீட்டிவிட்டோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாடத்தில் மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் படித்தபோது நான் குழம்பினேன். 1907ல் ரோமில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் நான்கு வயதுப் பிள்ளைகளே எழுதினார்கள். அப்படியானால் சீக்கிரம் எழுதவைப்பது தப்பில்லையா? திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் பிடிபட்டது. அவர் பென்சிலில் தொடங்கவில்லை. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டி, அதை விரலால் தடவவைத்தார். குமிழ் வைத்த மரத்துண்டுகளை மூன்று விரலால் எடுத்து எடுத்து வைத்த பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கிற பிடி தானாகவே வந்திருந்தது. கை தயாரான பிறகு எழுத்து வந்தது. அந்த அம்மையார் 1939ல் நம் அடையாறுக்கே வந்து, உலகப் போர் முடிகிற வரை இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகள் நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. உப்புத்தாள் எழுத்து எத்தனை பள்ளியில் இருக்கிறது என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அவசரம் அரசிடமும் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே கட்டமாக வைக்கிறது. நம் மாநிலத்தில் 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் எட்டு வயதுக்குள் எழுதப் படிக்க வரவேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. எட்டு வயது வரை நேரம் இருக்கிறது. நாங்கள் மூன்றரை வயதில், சேர்த்த இரண்டாவது மாதத்தில் கேட்கிறோம். பால்வாடியை விட்டு எங்களிடம் ஏன் சேர்க்கிறீர்கள் என்று எந்தத் தாயைக் கேட்டாலும் "அங்க எழுதவைக்க மாட்டாங்க மிஸ்" என்பதே பதில். 2019ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அப்போதும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் பேச்சு, அங்கே நோட்டு உண்டா இல்லையா என்பதாகத்தான் இருந்தது. நானே பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பால்வாடியில் மணலில் விளையாடி, சத்துமாவு உருண்டை தின்று வளர்ந்தவள். எனக்கு எழுத வராமல் போய்விடவில்லை.

சின்னக் கை

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் நடையில் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். மடியில் முறம், முறத்தில் தூளும் வெட்டிய இலையும். பீடி சுற்றிக்கொண்டே பேசினார். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் அவர் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. இலையை எடுப்பது, தூளை வைப்பது, உருட்டுவது, முனையை மடிப்பது, நூல் சுற்றுவது எல்லாம் ஒரே அசைவு போலத் தெரிந்தது. கண் என் முகத்தில் இருந்தது.

எக்ஸ்ரே படத்தைப் போனில் காட்டினேன். கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "நீங்க சொல்றது இருக்கட்டும் மிஸ். அஞ்சு வயசுல மொறத்தண்ட குந்தனவ நானு. முனை மடிக்கறது சின்னப் புள்ளைங்க வேல. சின்னக் கைதான் அதுக்கு ஓடும். அப்ப பழகுனதாலதான் இப்ப ஆயிரம் சுத்தறேன். பெருசாயிட்டு வந்தவளுங்களுக்கு இந்தக் கை வராது. எழுத்தும் அப்பிடித்தானே? இவன் இந்த மொறத்தண்ட குந்தக் கூடாதுன்னுதான் காசு கட்டறேன். சீக்கிரமா எழுதிட்டான்னா சீக்கிரமா தப்பிச்சிருவான்."

எனக்குப் பதில் வரவில்லை. 1986 சட்டம் பிள்ளைகளைப் பீடி, தீப்பெட்டி வேலையில் சேர்க்கக்கூடாது என்றது, வீட்டுக்குள் குடும்பத்தோடு செய்தால் பொருந்தாது என்றும் விட்டுவைத்தது என்று எனக்குப் பாடத்தில் படித்துத் தெரியும். அவருக்கு அது வாழ்ந்து தெரியும். எங்கள் ஊரில் சின்னக் கைக்கு எப்போதுமே வேலை இருந்திருக்கிறது. தீப்பெட்டிக்கு, பீடிக்கு, தறிக்கு நூல் சுற்ற. அந்தக் கையைத் தப்பவைக்க அவர் ஒரு பென்சிலைப் பிடித்துக் கொடுக்கிறார். அவர் சொன்னதில் எதைத் தப்பு என்று நான் சொல்ல முடியும்?

ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஏன் கேட்டேன் என்று தெரியாமலேயே ஒன்று கேட்டேன். "உங்களுக்குக் கத்துக்குடுக்கும்போது யாராச்சும் உங்க கையப் புடிச்சு மடிக்கவச்சாங்களாம்மா?"

அவர் கை நிற்கவில்லை, கொஞ்சம் மெதுவானது. "இல்லியே. எங்க ஆயா பக்கத்துல குந்திகினு பாத்துகினே இருப்பேன். கழிச்ச எலைய என் பக்கம் தள்ளும். அத வச்சிகினு வெளையாடுவேன். மடிப்பேன், கிழியும், இன்னொண்ணு எடுப்பேன். ஒரு வருசமோ இன்னாமோ அப்பிடித்தான். அப்பறம் ஒரு நாளு சரியா வந்துது. ஆயா ஒண்ணும் சொல்லல. நல்ல எலையா ஒண்ணு குடுத்துது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உள்ளே பையன் எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

நான் இரண்டு வருஷம் படித்ததை அந்த ஆயா செய்திருக்கிறார். பார்க்கவிட்டு, கழித்ததைக் கொடுத்து, கிழியவிட்டு, காத்திருந்திருக்கிறார். அப்படிக் காத்திருந்து அந்தக் கையைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் பீடி முறம் என்பதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. அந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. "தீபாவளி வரைக்கும் நோட்டு கேக்கல மிஸ்" என்றார் அந்த அம்மா, நான் கிளம்பும்போது.

பள்ளியில் பேசுவது அவ்வளவு சுலபமாக இல்லை. நோட்டு நிரம்பாவிட்டால் அட்மிஷன் குறையும் என்றார்கள். எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டால் என் ஒரு வகுப்பில் மட்டும் டிசம்பர் வரை நோட்டு இல்லாமல் நடத்திப் பார்க்கலாம் என்று கடைசியில் சம்மதம் கிடைத்தது. வீடு வீடாகப் போனேன். பதினெட்டுக் கையெழுத்து வந்தது. இருவர் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனார்கள். இன்னும் இருவர் தங்கள் பிள்ளைக்கு மட்டும் நோட்டு எழுதத்தான் வேண்டும் என்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எழுதக் கொடுத்தேன், கையைப் பிடிக்காமல். பதினெட்டை வைத்துக்கொண்டு தொடங்கச் சொன்னார்கள்.

மணல், களிமண், துணி காயப்போடும் கிளிப், கோலமாவு, கிழிக்கப் பழைய பேப்பர். காலையில் அரை மணி நேரம் பிள்ளைகள் சுவரில் ஈரத் துணியால் பெரிய பெரிய வட்டம் போடுவார்கள். வெயிலில் வட்டம் காய்ந்து மறைவதைப் பார்த்துக் கத்துவார்கள். வேலூர் வெயிலுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பையன் பொங்கல் முடிந்து வந்த வாரம் ட எழுதினான். அடுத்து ப. ம இடது வலது மாறி விழுந்தது, பல நாள் அப்படியேதான் விழுந்தது. நான் திருத்தவில்லை. மற்ற வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் உயிரெழுத்து முடித்துவிட்டார்கள். ஆண்டு விழாவில் அதை யாரோ எடுத்துச் சொல்லவும் செய்தார்கள்.

மாசி வாக்கில் ஒரு நாள் அந்த அம்மா ஒரு முறத்தோடு வந்தார். மணல் பரப்ப இன்னும் தட்டுகள் வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். "ஆயா மொறம் மிஸ். பழசு, ஆனா கட்டு உடல. தேய்ச்சிட்டேன், ரெண்டு நாள் வெயில்ல வையுங்க" என்றார். மூங்கில் கறுத்து, விளிம்பு உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. சீயக்காய் போட்டுக் கழுவி மாடியில் நான்கு நாள் காயவைத்தேன். புகையிலை வாசம் போகவில்லை. பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள், அதனால் வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. கடையில் இரண்டு தாம்பாளம் வாங்கிக்கொண்டேன். முறம் மொட்டை மாடியில், நான் உட்காரும் இடத்தில்தான் இருக்கிறது. ஓரக் குறிப்பு நோட்டை அதில்தான் வைக்கிறேன். மூன்றாம் வருஷப் பாடம் போன வாரம் தொடங்கியது.